‘இண்டர்புரொபஷனல்’ எப்படி ‘பல்துறை’ ஆகும்?

மருத்துவம், செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம் படிக்கிற மாணவர்கள் பிற தொழிலாரோடு சேர்ந்து வேலை செய்வதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அளக்கக் கேள்வித்தாள்கள் உண்டு. அவற்றைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இப்படிச் சேர்ந்து வேலை செய்வதைக் குறிக்கும் ‘இண்டர்புரொபஷனல்’ (interprofessional) என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு ‘பல்துறை’ ஆக்கிவிடுகிறார்கள். படித்துப் படித்து அலுத்துவிட்டது.

வேர் எளிது. லத்தீனில் ‘இண்டர்’ என்றால் இடையே. ‘புரொபஷன்’ பலரறியச் சொல்வது. துறவிகள் ஏற்கும் உறுதிமொழியைக் குறித்து, பிறகு கற்றுத் தேர்ந்து செய்யும் தொழிலுக்கு ஆகி வந்தது.

சரி, ‘பல்துறை’யில் என்ன தவறு? ஒரே அரங்கில் நாலு துறை மாணவர்கள் உட்கார்ந்து ஒரே உரையைக் கேட்டுவிட்டுக் கலைந்தால் அது பல்துறை. இண்டர்புரொபஷனல் கல்வியை வளர்க்கும் பிரிட்டனின் கெய்ப் (CAIPE) அமைப்பு அந்தக் கல்விக்கு 2002இல் தந்த வரையறை வேறு: ஒருவரோடு ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரைப் பற்றி ஒருவர் கற்க வேண்டும். பார்செல், பிளை இருவரும் 1999இல் வெளியிட்ட, அப்படிக் கற்க மாணவர்கள் எவ்வளவு தயார் என்று அளக்கும் ஆர்.ஐ.பி.எல்.எஸ். (RIPLS) அளவுகோலின் 19 கூற்றுகளில் ஒன்று, செவிலியரும் சிகிச்சையாளரும் முக்கியமாக மருத்துவருக்குத் துணைநிற்கவே இருக்கிறார்கள் என்கிறது. இதை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பது துறைகளின் எண்ணிக்கையையா அளக்கிறது? அவற்றுக்கு நடுவே உள்ள உறவை, மேல்-கீழை அளக்கிறது.

‘இண்டர்நேஷனல்’ பன்னாட்டு ஆகவில்லையா என்பார்கள். ஆயிற்று, விளைவையும் பாருங்கள்: பன்னாட்டு நிறுவனம், பன்னாட்டுச் சட்டம் இரண்டுக்கும் ஒரே ‘பன்’. பல நாடுகளில் கடை விரிப்பதும் நாடுகள் தமக்குள் ஒப்புக்கொள்வதும் ஒன்றா? அங்கே பழகிப்போன குழப்பத்தை இங்கேயும் இறக்குமதி செய்ய வேண்டுமா?

சிலர் ‘இடைத்தொழில்’ என்கிறார்கள். இடைத்தரகர், இடைத்தேர்தல், இடைவேளை வரிசையில் அது இரண்டு வேலைக்கு நடுவே பார்க்கும் சில்லறை வேலை போலிருக்கிறது. தமிழில் ‘இடை’ பெயருக்குப் பின்னால் நின்றால்தான் ‘நடுவே’ என்ற பொருள் தெளிவாகும்: மக்களிடையே, நண்பர்களிடையே. ஆகவே என் பரிந்துரை ‘தொழிலிடைக் கூட்டுப்பணி’. ‘தொழில்’ என்றதும் தொழிலதிபர் நினைவுக்கு வருகிறதே என்றால், இலங்கைத் தமிழர் வழங்கும் ‘தொழில்வாண்மை’ இருக்கிறது. நல்ல சொல், கொஞ்சம் நீளம். இந்தக் கேள்வித்தாள்கள் அளக்கும் ‘ஆட்டிட்யூட்’டுக்கும் அவர்களின் ‘மனப்பாங்கு’ எனக்குப் பிடிக்கும். நம் ‘மனப்பான்மை’யில் ‘தாழ்வு’ ஒட்டிக்கொண்டே வருகிறது.

இதெல்லாம் கட்டுரைக்கு. மாணவர் கையில் கொடுக்கும் தாளில் கலைச்சொல்லே வேண்டாம். ‘பிற மருத்துவப் பணியாளரோடு சேர்ந்து வேலை செய்தல்’ போதும். மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கில மூலத்திலிருந்து அப்படியே இறக்கும் இன்னொரு சிக்கலும் அங்கேதான். பிற மாணவர்களோடு கற்று நேரத்தை வீணாக்க விரும்பவில்லை என்று ஒரு கூற்று. அதன் எதிரே ‘உடன்படவில்லை’ என்றொரு கட்டம். ‘விரும்பவில்லை என்பதற்கு உடன்படவில்லை’ என்று இரட்டை எதிர்மறையைப் பிரித்துப் பார்ப்பதற்குள் மாணவர் ஏதோ ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார். அப்புறம் அந்த டிக்குக்கு மதிப்பெண் போட்டுச் சராசரி எடுப்பார்கள்.