நேட்ரியூரெட்டிக் பெப்டைடு – சோடியக்கழிப்பு இயக்குநீர்

இதயத் தசை சுரந்து இரத்தத்தில் கலக்கும் சிறு புரதத்துண்டு இது. சோடியத்தைச் சிறுநீரில் கழிக்கும்படி சிறுநீரகத்தைத் தூண்டுவது இதன் முதல் வேலை.

‘நேட்ரியம்’ என்பது சோடியத்தின் இலத்தீன் பெயர். பழைய எகிப்தில் சடலங்களைப் பதப்படுத்தப் பயன்பட்ட ‘நேட்ரான்’ என்ற கார உப்பிலிருந்து வந்தது. ‘ஊரோன்’ கிரேக்கத்தில் சிறுநீர். ‘பெப்டைடு’ செரித்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியிலிருந்து பிறந்தது.

தமிழில் இதைச் சிலர் ‘சிறுநீர்ப்பெருக்கி’ என்கிறார்கள். அது டையூரெட்டிக் மருந்துக்கு உரிய சொல். நிறையத் தண்ணீர் குடித்தாலும் சிறுநீர் பெருகும். ஆனால் அதனால் சோடியம் கூடுதலாக வெளியேறிவிடாது. ‘உப்புநீக்கி’ என்றாலோ கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைதான் நினைவுக்கு வரும். ‘சோடியக்கழிப்பு’ என்பதே பொருந்துகிறது. ஹார்மோன் (இலங்கை வழக்கில் ஓமோன்) என்பதற்கு ‘இயக்குநீர்’ நல்ல ஆக்கம். மூலக் கிரேக்கச் சொல்லின் பொருளும் இயங்கச் செய்வதுதான்.

இதயம் வெறும் இறைப்பான் என்ற எண்ணம் உடைந்தது 1981-இல். எலிகளின் இதய மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்குள் செலுத்தியபோது சிறுநீரில் சோடியம் வெகுவேகமாகக் கூடியதைக் கனடாவில் அடோல்ஃபோ டி போல்டு குழுவினர் காட்டினர். அந்தப் பொருளே ஏ.என்.பி. (மேலறை வகை நேட்ரியூரெட்டிக் பெப்டைடு); 28 அமினோ அமிலங்கள் கொண்டது. 1988-இல் பன்றி மூளையிலிருந்து இன்னொன்றைப் பிரித்தெடுத்து ‘மூளை வகை’ என்று பெயரிட்டனர். மனிதரில் 32 அமினோ அமிலங்கள் கொண்ட அந்த பி.என்.பி. பெரும்பாலும் இதயக் கீழறையில் சுரக்கிறது என்பது பின்னரே தெரிந்தது. ஆகவே இப்போது ‘பி வகை’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

உப்பு கூடினால் உடல் நீரைத் தேக்கும், இரத்தத்தின் கொள்ளளவு ஏறும், மேலறைச் சுவர் விரியும். அந்த இழுவிசையே ஏ.என்.பி. சுரக்கத் தூண்டுதல். அது சிறுநீரக வடிகட்டிக்குள் நுழையும் நுண்தமனியை விரித்து, வெளியேறும் நுண்தமனியைச் சுருக்குகிறது, வடிகட்டல் கூடுகிறது. சிறுநீரக நுண்குழாய் சோடியத்தைத் திரும்ப உறிஞ்சுவதும் குறைகிறது. சோடியத்தை உடலில் தேக்க உதவும் ரெனின், ஆல்டோஸ்டிரோன் இரண்டும் அடங்குகின்றன, இரத்தக் குழாய்கள் தளர்கின்றன.

இவ்வளவு இருந்தும் இரத்த அழுத்தம் ஏன் ஏறுகிறது? இந்த ஏற்பாட்டின் வலிமை எல்லாருக்கும் ஒன்றல்ல. ஏ.என்.பி. மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றை மட்டும் இழந்த எலிகளுக்கு வழக்கமான உணவில் அழுத்தம் சரியாகவே இருந்தது. உப்பு மிகுந்த உணவு கொடுத்ததும் ஏறிவிட்டது. மனிதரிலும், இந்த இயக்குநீர்கள் சற்று மிகுதியாகச் சுரக்கும் மரபணு வேறுபாடு உள்ளவர்களுக்கு அழுத்தம் சற்றுக் குறைவு. ‘உப்புணர்வு மிக்க இரத்தக்கொதிப்பு’ என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. கழிக்கும் திறனின் குறை அவற்றில் ஒன்று.

ஆய்வக அறிக்கையில் இந்தச் சொல்லைப் பார்க்கும்போதுதான் குழப்பமே. அங்கே பி.என்.பி., என்.டி. புரோ பி.என்.பி. (பி.என்.பி. உருவாகும்போது கூடவே பிரியும் துண்டு) ஆகியவற்றை அளப்பது இதயச் செயலிழப்பு இருக்கிறதா என்று அறிய. எவ்வளவு உப்பு சாப்பிட்டீர்கள் என்பதை அந்த எண் சொல்லாது. முதுமை, சிறுநீரக நோய் ஆகியவற்றில் அது உயரும். உடல் பருமனில் தாழும். சாக்குபிட்ரில் என்ற மருந்து, இந்தப் பெப்டைடுகளைச் சிதைக்கும் நெப்ரிலைசின் நொதியைத் தடுக்கிறது. அதை எடுப்பவருக்கு பி.என்.பி. மருந்தாலேயே ஏறக்கூடும் என்பதால், அந்த நொதி சிதைக்காத என்.டி. புரோ பி.என்.பி.யைப் பார்ப்பதே சரி.

உப்பளவை அறிய 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனை இருக்கிறது. காலையில் முதல் சிறுநீரைச் சேர்க்காமல் விட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் ஒவ்வொரு முறையும் சேர்த்து, மறுநாள் அதே நேரத்துச் சிறுநீரோடு முடிக்க வேண்டும். நடுவில் ஒரு முறை தவறினாலும் உப்பைக் குறைத்துச் சாப்பிட்டதுபோல் பொய்க்கணக்கு வரும். நாள் முழுவதற்குமான சோடியம் மில்லிமோலில் வந்தால் 17-ஆல் வகுங்கள், ஏறத்தாழ எத்தனை கிராம் உப்பு என்பது கிடைக்கும். 170 வந்தால் 10 கிராம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழ்.

உணவுப் பொட்டலங்களில் இருப்பது பெரும்பாலும் சோடியக் கணக்கு, அதை 2.5-ஆல் பெருக்கினால்தான் உப்பு. ‘சோடியம் 800 மில்லிகிராம்’ என்றால் 2 கிராம் உப்பு. நீரில் நுரைத்துக் கரையும் மாத்திரைகளிலும் சோடியம் உண்டு, இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்த மாற்று உப்புக்குச் சிறுநீரக நோயாளிகளும், பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய அழுத்த மாத்திரைகள் எடுப்போரும் மருத்துவரைக் கேட்காமல் மாறக்கூடாது.