ஹார்ட் ஃபெயிலியர்

சேலம் பக்கம் துக்க வீட்டில் "ஹார்ட் ஃபெயிலியர்ல போயிட்டாரு" என்றால், திடீரென்று இதயம் நின்று இறந்தார் என்றே புரிந்துகொள்வோம். அதே சொல்லை டாக்டர், எதிரில் உட்கார்ந்திருக்கும் பாட்டியைப் பற்றிச் சொல்லும்போது வீட்டார் வெலவெலத்துப் போகிறார்கள். இதயம் நின்றுபோவது கார்டியாக் அரெஸ்ட். இதயத் தசைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவது மாரடைப்பு. ஹார்ட் ஃபெயிலியரில் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். உடம்புக்கு வேண்டிய ரத்தத்தை அனுப்பும் திராணி குறைந்திருக்கும்.

ஃபெயிலியருக்கு மூலம் 'ஃபல்லெரெ' என்ற லத்தீன் வினை. ஏமாற்றுவது, இடறச் செய்வது என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக வந்தபோது குறைபடுவது, போதாமல் போவது என்ற பொருளும் சேர்ந்தது. மருத்துவம் எடுத்துக்கொண்டது இந்தப் போதாமையை. நமக்கோ ஃபெயிலியர் என்றால் பரீட்சை ரிசல்ட்டும் காதலும்தான் நினைவுக்கு வரும்.

தமிழில் 'இதயச் செயலிழப்பு' என்று எழுதுகிறோம். 'இழப்பு' என்றதும் எல்லாம் போய்விட்டது போலத் தொனிக்கிறது. என் ஓட்டு 'இதயத் திறன்குறைவு'க்கு. ஆஸ்பத்திரியில் காதில் விழுவது "பம்பிங் கம்மியா இருக்கு." எளிமையான பேச்சுதான், ஆனால் பாதி உண்மை. எக்கோ என்ற இதய ஸ்கேனில் பம்பிங் அளவு (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 50 சதவீதத்துக்கு மேல், அதாவது இயல்பாகவே இருந்தும் இந்த நோய் இருக்கலாம். சுவர் விறைத்த இதயம் சரியாகத் தளர்ந்து ரத்தத்தை நிரப்பிக்கொள்ளாது. நெடுநாள் ரத்தக்கொதிப்பு உள்ள வயதான பெண்களிடம் இந்த வகை அதிகம்.

பெரியவர்களிடம் இதைக் கண்டுபிடிப்பது சிரமம். மூச்சு வாங்குகிறது என்று சொல்ல மாட்டார்கள்; சத்தமில்லாமல் நடையைக் குறைத்துக்கொள்வார்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டச் சரிவில் போன மாதம் நிற்காமல் ஏறிய ஆயா இப்போது பாதியில் நின்றால், "வயசாச்சு" என்று விட்டுவிடக் கூடாது. அங்கே குளிரும் சுமார் 1,500 மீட்டர் உயரமும் சேர்ந்து ஏமாற்றும். "பனி ஒத்துக்கல, வீசிங்" என்று நாள் கடத்திவிடுவார்கள்.

இரவைப் பற்றிக் கேளுங்கள்: தலையணை ஒன்றுக்கு இரண்டாகிவிட்டதா? படுத்தால் இருமலா? நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து மூச்சு விடுகிறாரா? பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்புகிறது. தளர்ந்த இதயத்தால் அதைத் தள்ள முடியாமல் நுரையீரலில் தேங்குகிறது. கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறினால் அது சதை இல்லை, நீர். பசி போகும், வயிறு உப்பும். சிலருக்குப் புதிதாகப் புத்தித் தடுமாற்றம் மட்டுமே தெரியும்.

கால் வீக்கம் சிறுநீரகக் கோளாறாலும் அம்லோடிபின் என்ற ரத்தக்கொதிப்பு மாத்திரையாலும்கூட வரும். அதனால் இசிஜி, எக்கோ, இதயத்தின் திணறலைக் காட்டும் பிஎன்பி ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துத்தான் டாக்டர் முடிவு சொல்வார். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி நோயை முற்றவைக்கும்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறி வாக்கியம் முடிக்க முடியாவிட்டாலோ, இளஞ்சிவப்பு நுரையோடு சளி வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை படுக்க வைக்காமல், சாய்ந்து உட்காரவே வையுங்கள்.