விரலை வைக்கும் முன் போனைப் பாருங்கள்

புதுப் போனை முதல் தடவை ஆன் செய்ததும் பக்கம் பக்கமாகக் கேள்விகள் வரும். மொழி, வைஃபை, கூகுள் கணக்கு, பின் நம்பர், கைரேகை. கைரேகைப் பக்கத்தில் விரலைத் தூக்கித் தூக்கி இருபது தடவை பொறுமையாக வைக்கிறோம். அதற்கு அடுத்து வருபவற்றை யாரும் படிப்பதில்லை. "உங்கள் அனுபவத்தை மேம்படுத்த" என்று தொடங்கும் ஒப்புதல்கள் ஒரு பக்கம். "பரிந்துரைக்கும் ஆப்கள்" என்று நாம் தொடுவதற்கு முன்பே டிக் அடித்துவைத்த பட்டியல் இன்னொரு பக்கம். 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிவிட்டு வெளியே வந்துவிடுகிறோம்.

இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். கைரேகைப் பக்கம் வந்தால் 'ஸ்கிப்' கொடுங்கள், பிறகு எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். போனோடு வந்த மென்பொருளை முதலில் பார்த்து, ஒதுக்க வேண்டியதை ஒதுக்கிவிட்டு, விரலைக் கடைசியில் பதியுங்கள். கைரேகைப் பூட்டு எவ்வளவு பாதுகாப்பு என்பதை சென்சார் மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த சென்சாரை இயக்க நிறுவனம் எழுதிய மென்பொருளுக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு.

முறையாகச் செய்த போனில் நடப்பது இதுதான். சென்சார் விரலைப் படம் பிடிக்கும். ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற குறிப்புகளை எடுத்து ஒரு கணக்காக மாற்றும். அந்தக் கணக்கு, பிராசஸருக்குள் தனியாக அடைத்துவைத்த ஒரு பகுதியில் உட்கார்ந்துகொள்ளும். வங்கி ஆப் கேட்டால் 'ஆமாம், அவர்தான்' அல்லது 'இல்லை' என்ற பதில் மட்டும் போகும், ரேகை போகாது. போனில் வைக்கும் கைரேகை ஆதாருக்குப் போய்விடுமா என்று பலர் பயந்து கேட்கிறார்கள். போகாது. இரண்டுக்கும் தொடர்பே இல்லை. ஆதாரில் இருக்கும் கைரேகையைப் பற்றித்தான் கவலை என்றால், ஆதாரின் அதிகாரபூர்வ ஆப்பில் பயோமெட்ரிக் லாக் போட்டுவைக்கலாம். தேவைப்படும்போது மட்டும் திறந்துகொள்ளலாம்.

முறையாகச் செய்யாத போனில் என்ன ஆகும் என்பதற்கு எச்டிசி ஒன் மேக்ஸ் உதாரணம். கைரேகைப் படத்தை அந்த போன் எந்தப் பூட்டும் இல்லாத சாதாரண படக் கோப்பாகச் சேமித்துவைத்திருந்தது. போனில் இருக்கும் எந்த ஆப்பும் அதைத் திறந்து படிக்க முடிந்தது. 2015-இல் ஃபயர்ஐ என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகே சரிசெய்தார்கள். சென்சாரில் குறையில்லை. மென்பொருளில் ஒரு கோப்புக்கு அனுமதியைத் தவறாகக் கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான். அப்படிப் போன ரேகையை பாஸ்வேர்டு மாதிரி மாற்றவும் முடியாது.

அடுத்து பின் நம்பர். கைரேகை வைத்துவிட்டோம், பின் நம்பர் என்னவாக இருந்தால் என்ன என்று 1234-ம் பிறந்த வருடமும் போடுகிறார்கள். கைரேகை என்பது பின் நம்பரின் மேல் ஏறி உட்கார்ந்த வசதிதான். போன் அணைந்து எழுந்ததும் விரலை ஏற்காமல் பின் நம்பரைக் கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் தகவலைப் பூட்டும் சாவி உங்கள் பின் நம்பரோடு பிணைந்திருக்கிறது, விரலோடு அல்ல. ஐந்து தடவை தவறான விரல் பட்டால் ஆண்ட்ராய்டு அரை நிமிஷம் விரலை ஏற்காது, பின் நம்பர்தான் வழி. விரலாலேயே திறந்துகொண்டிருந்தாலும் 72 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது பின் நம்பரைக் கேட்டே தீரும். அதனால் குறைந்தது 6 இலக்கம் போடுங்கள். வீட்டில் உள்ளவர்கள் ஊகிக்க முடியாததாக இருக்கட்டும்.

சர்வீஸ் கடைகளுக்கு வரும் சிக்கல்களில் மனசுக்குக் கஷ்டமானது ஒன்று உண்டு. மாதக்கணக்கில் விரலாலேயே திறந்து பழகி பின் நம்பர் மறந்துபோயிருக்கும். ஒருநாள் சார்ஜ் தீர்ந்து போன் அணையும். எழுந்ததும் பின் நம்பர் கேட்கும். விரல் இருக்கிறதே என்று காட்டினாலும் போன் கேட்காது. பேக்கப் இல்லையென்றால் ஃபேக்டரி ரீசெட் தவிர வழியில்லை, படங்கள் போய்விடும். ரீசெட் முடிந்ததும் பழைய கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். அதுவும் மறந்திருந்தால் போன் வெறும் கண்ணாடித் துண்டு. இப்போதே உங்களுக்கு பின் நம்பர் சந்தேகமாக இருந்தால், போன் விரலால் திறந்துகொண்டிருக்கும்போதே படங்கள், தொடர்புகள் எல்லாவற்றையும் நகல் எடுத்துவிடுங்கள். நகல் எடுத்து முடியும்வரை போனை ரீஸ்டார்ட் செய்யவோ அப்டேட் போடவோ வேண்டாம், சார்ஜும் தீர விடாதீர்கள்.

போனோடு வரும் மென்பொருளுக்கு வருவோம். இவை மூன்று வகை. போன் இயங்கவே தேவையானவை முதல் வகை. நிறுவனமும் அதற்குப் பணம் தரும் கூட்டாளிகளும் ஏற்றிய விளம்பர, கேம், ஷாப்பிங் ஆப்கள் இரண்டாவது. மூன்றாவது, நிறுவனத்துக்கே தெரிந்தோ தெரியாமலோ நுழைந்த கெட்டவை. 2016-இல் கிரிப்டோவயர் என்ற பாதுகாப்பு நிறுவனம், அமெரிக்காவில் விற்ற புளூ ஆர்1 எச்டி உள்ளிட்ட சில போன்களில் ஆடப்ஸ் என்ற அப்டேட் மென்பொருள் எஸ்எம்எஸ்களையும் கால் பட்டியலையும் சீனாவில் உள்ள சர்வர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தது. வாங்கியவர் எதையும் டவுன்லோடு செய்யவில்லை. பெட்டியிலேயே வந்தது.

அதைவிட உற்றுப் பார்க்க வேண்டியது டிரையடா என்ற கெட்ட மென்பொருள். 2019-இல் கூகுளே இதை விளக்கியது. சில நிறுவனங்கள் முகத்தைக் காட்டித் திறப்பது போன்ற வசதிகளைத் தாங்களே எழுதாமல் வெளியாருக்குக் கொடுக்கும். அதற்காக போனின் முழு சிஸ்டம் மென்பொருளும் அந்த வெளியாரிடம் போய் வரும். திரும்பி வந்தபோது அதற்குள் டிரையடா உட்கார்ந்திருந்தது. பூட்டைத் திறக்கும் வசதியைச் சேர்க்கப் போன இடத்திலேயே கதவில் ஓட்டை விழுந்திருக்கிறது. அடையாளம் தெரியாத பிராண்டின் போனை விலை மலிவு என்பதற்காக மட்டும் வாங்கி, அதில் விரலைப் பதிந்து, வங்கி ஆப் போட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

டேப்லெட்டில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். பிள்ளைகள் படிக்க, படம் பார்க்க என்று விலை குறைந்ததாகப் பார்த்து வாங்குகிறோம். 2023-இல் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு, அமேசானில் விற்ற டிராகன் டச் என்ற குழந்தைகள் டேப்லெட்டைப் பிரித்துப் பார்த்தது. கெட்ட மென்பொருளின் தடயங்களும், மேலே சொன்ன அதே ஆடப்ஸும் அதில் இருந்தன. மலிவு டேப்லெட் பலவற்றில் கைரேகை சென்சாரே கிடையாது, இருந்தாலும் அப்டேட் வருவதில்லை. அப்படிப்பட்டதில் பிள்ளைக்குத் தனி கூகுள் கணக்கு போடுங்கள். உங்கள் மெயில், யுபிஐ எதுவும் அதில் வேண்டாம்.

வாங்கியதும் பார்க்க வேண்டியது இரண்டு. பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், அபவுட் என்று போனால் 'பிளே புரொடெக்ட் சர்ட்டிஃபிகேஷன்' என்ற வரி இருக்கும். 'டிவைஸ் இஸ் சர்ட்டிஃபைடு' என்று இல்லாவிட்டால் அன்றைக்கே கடையில் திருப்பிக் கொடுங்கள். அடுத்து, போனின் செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதியில் செக்யூரிட்டி அப்டேட் தேதியைப் பாருங்கள். வாங்கிய நாளுக்கு ஆறு மாதம் பின்தங்கி இருந்தால் முதல் வேலை அப்டேட்.

இனி ஒதுக்கும் வேலை. ஆப் ஐகானை அழுத்திப் பிடித்து 'ஆப் இன்ஃபோ' போங்கள். 'அன்இன்ஸ்டால்' இருந்தால் நீக்குங்கள். இல்லாமல் 'டிசேபிள்' மட்டும் இருந்தால் அது சிஸ்டம் பகுதியில் ஏற்றியது, அழியாது. டிசேபிள் செய்தால் அது ஓடாது, தரவு எடுக்காது. அப்டேட் என்ற பெயரில் பிடித்துக்கொண்ட இடமும் திரும்பக் கிடைக்கும். ஃபேஸ்புக்கையே போடாத போனில்கூட ஃபேஸ்புக் சர்வீசஸ், ஆப் மேனேஜர், ஆப் இன்ஸ்டாலர் என்று மூன்று இருக்கலாம். ஐகான் கிடையாது. ஆப் பட்டியலில் 'ஷோ சிஸ்டம்' போட்டால்தான் தெரியும். மூன்றையும் டிசேபிள் செய்யலாம்.

லாக் ஸ்கிரீனில் தானாகப் படமும் செய்தியும் மாறிக்கொண்டே இருந்தால் அது கிளான்ஸ் போன்ற ஒன்று. லாக் ஸ்கிரீன் செட்டிங்ஸில் நிறுத்தலாம். ரெட்மி, போக்கோ போன்களில் விளம்பரங்களுக்கு வேர் 'எம்எஸ்ஏ' என்ற சிஸ்டம் ஆப். பாஸ்வேர்ட்ஸ் அண்ட் செக்யூரிட்டி என்ற பகுதிக்குள் 'ஆதரைசேஷன் அண்ட் ரிவோகேஷன்' இருக்கும். எம்எஸ்ஏ-வை அணைத்தால் பத்து நொடி எண்ணும், பிறகு 'ரிவோக்' தொட வேண்டும். நெட் ஆனில் இருக்க வேண்டும். முதல் தடவை முடியவில்லை என்று சொல்லும். விடாதீர்கள், மூன்று நான்கு தடவையில் கேட்டுவிடும்.

கீபோர்டை மறக்க வேண்டாம். நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அதன் வழியாகத்தான் போகிறது. போனோடு வந்த அறியாத கீபோர்டு இருந்தால் கூகுளின் ஜிபோர்டுக்கு மாறுங்கள், தமிழும் அதில் நன்றாக வருகிறது. பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப் ஏற்றவிடும் 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' அனுமதி எந்தெந்த ஆப்புக்கு இருக்கிறது என்றும் பாருங்கள். போனோடு வந்த பிரவுசருக்கோ ஃபைல் மேனேஜருக்கோ அது ஆனில் இருந்தால் அணையுங்கள்.

கணினியில் இணைத்து ஏடிபி (கணினியிலிருந்து ஆண்ட்ராய்டு போனுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி) கட்டளையால் எல்லாவற்றையும் நீக்கச் சொல்லும் யூடியூப் வீடியோக்கள் நிறைய. அந்த முறையும் உங்கள் பயனர் கணக்கிலிருந்துதான் எடுக்கிறது, ஃபேக்டரி ரீசெட் போட்டால் திரும்ப வரும். பெயர் தெரியாததை எல்லாம் நீக்கினால் போன் லோகோவிலேயே நின்றுவிடும். ஷாவ்மி போன்களில் 'ஃபைண்ட் டிவைஸ்' பகுதியை எடுத்து மாட்டிக்கொண்டவர்கள் பலர். கூகுள் பிளே சர்வீசஸ், ஆப்புக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் வெப்வியூ இரண்டையும் தொடவே வேண்டாம். வெப்வியூ போனால் வங்கி ஆப் வெள்ளைப் பக்கமாக நிற்கும். பெரிய சிஸ்டம் அப்டேட் வந்த மறுநாள் பட்டியலை ஒரு தடவை பாருங்கள். டிசேபிள் செய்தது சில திரும்ப எழுந்திருக்கும், கூடவே புதிதாக ஒன்றிரண்டும் வந்திருக்கும்.

இப்போது விரல். ஸ்கிரீன் கார்டு ஒட்டுவதாக இருந்தால் ஒட்டிய பிறகு பதியுங்கள். திரைக்கு அடியில் இருக்கும் சென்சாரில் இரண்டு வகை. ஒன்று வெளிச்சம் பாய்ச்சிப் படம் பிடிக்கும். மற்றது சாம்சங்கின் விலை உயர்ந்த போன்களில் வரும் அல்ட்ராசோனிக், ஒலி அலையால் பார்க்கும். கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் காற்று இடைவெளி இருந்தால் ஒலி அலை குழம்பும். 2019-இல் கேலக்ஸி எஸ்10, நோட் 10 போன்களில் திரையையும் மூடும் சில சிலிக்கோன் கவர்களைப் போட்டதும் யார் விரல் வைத்தாலும் திறந்தது. கவரில் இருந்த வடிவத்தையே ரேகை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. சாம்சங் மென்பொருள் அப்டேட் கொடுத்துச் சரிசெய்தது. கார்டு ஒட்டியதும் பதியாத ஒரு விரலை வைத்துச் சோதித்துப் பாருங்கள், ஒரு நொடி வேலை.

கையைக் கழுவித் துடைத்து, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு பதியுங்கள். விரலின் நடுப்பகுதியை மட்டும் வைக்காமல் நுனி, இரு ஓரம், சாய்த்த நிலை எல்லாம் வரட்டும். பாத்திரம் தேய்ப்பவர்கள், சிமென்ட், சுண்ணாம்பு வேலை செய்பவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். அவர்களுக்கு ஒரே விரலை இரண்டு தனி விரல்கள்போல இரண்டு தடவை பதிவது பலன் தரும். வேலை அதிகம் செய்யாத கையின் மோதிர விரலையும் முயன்று பாருங்கள். பவர் பட்டனில் சென்சார் இருக்கும் போன், கையில் எடுக்கும்போதும் பையில் போடும்போதும் விரல் பட்டு ஐந்து தவறையும் தானாகவே தீர்த்துக்கொள்ளும். கைரேகை செட்டிங்ஸில் 'டச்' என்பதை 'பிரஸ்' என்று மாற்றும் வசதி இருந்தால் மாற்றுங்கள்.

வேறு யாருடைய விரலையும் சேர்க்காதீர்கள், கணவன் மனைவி என்றாலும் யோசித்துச் செய்யுங்கள். பதிந்த எல்லா விரலுக்கும் ஒரே அதிகாரம். போனைத் திறக்கும் விரல் வங்கி ஆப்பையும் திறக்கும். 2025 அக்டோபர் முதல் யுபிஐ-யில் பின் நம்பருக்குப் பதில் விரல் வைத்துப் பணம் அனுப்பும் வழியும் வந்திருக்கிறது. கட்டாயம் இல்லை, நீங்கள் ஒப்புக்கொண்டால்தான். கடையில் டெமோ காட்ட அவர்கள் விரலைப் பதிந்திருக்கலாம், பழைய போன் என்றால் முந்தையவர் விரல் இருக்கலாம். பட்டியலைத் திறந்து, எண்ணி, உங்களுடையது அல்லாததை அழியுங்கள். தூங்கும்போதோ கூட்டத்திலோ யாரும் உங்கள் விரலைப் பிடித்து வைத்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால், பவர் மெனுவில் 'லாக்டவுன்' என்று ஒன்று உண்டு. தட்டினால் அடுத்த தடவை பின் நம்பர் போடும்வரை விரல் செல்லாது. சாம்சங்கில் லாக் ஸ்கிரீன் செட்டிங்ஸில் அதை முதலில் ஆன் செய்துவைக்க வேண்டும்.

திரை உடைந்து மாற்றப் போகிறீர்கள் என்றால் கடையில் ஒரு கேள்வி கேளுங்கள்: "அமோலெட் போடுறீங்களா, காப்பி டிஸ்ப்ளேயா?" வெளிச்ச வகை சென்சார், தானே ஒளிரும் அமோலெட் திரையின் ஊடாகப் பார்த்து வேலை செய்வது. விலை குறைந்த எல்சிடி வகைக் காப்பியில் பின்னால் பேக்லைட் அடுக்கு இருக்கிறது, அது பார்வையை மறைத்துவிடும். படம் பளிச்சென்று தெரியும், கைரேகை மட்டும் வேலை செய்யாது. சென்சார் போய்விட்டது என்று அதற்கும் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரிஜினல் திரை போட்டும் சில மாடல்களில் சென்சாரை மறுபடி கேலிபரேட் செய்ய (புதுத் திரைக்கு ஏற்றபடி சரிசெய்ய) வேண்டியிருக்கும், அதைச் செய்து காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள். பழைய ஐபோனில் ஹோம் பட்டன் அந்த போனின் போர்டோடு ஜோடி சேர்ந்தது. வேறு பட்டன் போட்டால் டச் ஐடி என்ற கைரேகை வசதி திரும்பாது, சில மாடல்களில் அமுக்கவும் வேலை செய்யாது. அதனால் திரை மாற்றும்போது உங்கள் பழைய பட்டனையே கழற்றி, ரிப்பன் கேபிள் கிழியாமல் புதுத் திரையில் மாட்டச் சொல்லுங்கள்.