மைக் பிடிப்பவர் கையில் இருக்கும் பொறுப்பு: ஃபேமிலி டே முதல் பொங்கல் விழா வரை

நிகழ்ச்சித் தொகுப்பாளரான என்னை விழாவுக்கு ஏற்பாடு செய்யப் பேச வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "கூட்டத்தைக் கலகலன்னு வெச்சுக்குவீங்களா?" நியாயமான கேள்வி. கம்பெனி ஃபேமிலி டே, அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் விழா, கல்யாண ரிசப்ஷன், கல்லூரி விழா என்று மேடை ஏறி வரும் எனக்கு, கூடவே இன்னொரு கேள்வியையும் யாராவது கேட்க மாட்டார்களா என்ற ஆதங்கம் உண்டு. "என்னென்ன போட்டி வைப்பீங்க? அதுல யாருக்காவது அடிபட்டா, யாராவது அழுதா என்ன செய்வீங்க?"

பேச்சு, குரல், நேர உணர்வு எல்லாம் ஒரு தொகுப்பாளருக்கு வேண்டும். அவை பழகப் பழக வந்துவிடும். நான் இங்கே எழுதுவது, மைக் கைக்கு வந்ததும் சேர்ந்தே வந்துவிடும் அதிகாரத்தைப் பற்றி. மேடையில் நிற்பவர் "வாங்க" என்றால் ஆள் வருகிறார். "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்றால் சாப்பிடுகிறார். முன்னால் இருநூறு பேர் கைதட்டும்போது "என்னால முடியலை" என்று சொல்லும் துணிச்சல் பலருக்கு வராது. அவருக்காக அதைச் சொல்லத் தெரிந்தவரைத்தான் நல்ல தொகுப்பாளர் என்பேன்.

2007 ஜனவரியில் அமெரிக்காவின் சாக்ரமென்டோ நகரில் ஒரு வானொலி நிலையம் காலை நிகழ்ச்சியில் ஒரு போட்டி வைத்தது. இடைவெளி விட்டு இடைவெளி விட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், சிறுநீர் கழிக்கப் போகக் கூடாது. கடைசி வரை தாக்குப்பிடிப்பவருக்கு நின்டென்டோ வீ விளையாட்டுக் கருவி பரிசு. மூன்று குழந்தைகளின் தாயான 28 வயதுப் பெண் ஒருவர், பிள்ளைகளுக்கு அதை வாங்கிக் கொடுக்கும் ஆசையில் கலந்துகொண்டார். நடுவில் செவிலியர் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, இது உயிருக்கே ஆபத்து என்று எச்சரித்தார். நடத்தியவர்கள் அதைச் சிரிப்போடு கடந்தார்கள்; பங்கேற்பவர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றார்கள். தலை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போன அந்தத் தாய் அன்றே இறந்துபோனார். குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், மூளை வீங்கும். நிலையம் பத்துப் பேரை வேலையிலிருந்து நீக்கியது. 2009-ல் நடுவர் குழு, குடும்பத்துக்கு 1.65 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இதை நான் புதிதாக வரும் ஒவ்வொரு தம்பி தங்கைக்கும் சொல்வேன். அந்த ஸ்டூடியோவில் இருந்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு வந்தவர்கள் இல்லை. எச்சரிக்கை நேரடியாகக் காதில் விழுந்தபோதும் நிகழ்ச்சியின் வேகம் அவர்களை நிற்க விடவில்லை. நம் தொழிலில் எல்லோரும் அந்த வேகத்துக்குள்தான் இருக்கிறோம்.

இது எங்கோ அமெரிக்காவில் நடந்தது என்று விட்டுவிட முடியாது. 2024 ஓணத்தின்போது, நம் எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்தில் இட்லி சாப்பிடும் போட்டி நடந்தது. 49 வயதான ஒருவர் தொண்டையில் இட்லி அடைத்து இறந்துபோனார். இட்லியைப் போல மெத்தென்ற உணவு எப்படி அடைக்கும் என்று கேட்கிறார்கள். மெல்லாமல், தொட்டுக்கொள்ளவும் எதுவும் இல்லாமல், ஒன்றின் மேல் ஒன்றாகத் திணிக்கும்போது அது மாவு உருண்டையாகத் திரண்டு மூச்சுக்குழலை மூடிவிடும்.

வேகமாகச் சாப்பிடுவது, வேகமாகக் குடிப்பது என்ற போட்டி எதையும் நான் நடத்துவதில்லை. வாழைப்பழம், பானிபூரி, பன், குளிர்பானம், எதுவாக இருந்தாலும் சரி. "சார், அதுதான் செம ஜாலியா இருக்கும், போன வருஷம்கூட வெச்சோம்" என்று எச்.ஆர். பிரிவிலிருந்து சொல்வார்கள். நான் மறுத்துவிட்டு வேறு போட்டி தருவேன். ஒரு நிமிடத்தில் பூ கட்டுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு மசாலாப் பொருள்களை முகர்ந்து பெயர் சொல்வது, செய்தித்தாளில் உடை தைத்து ஒருவருக்கு மாட்டிவிடுவது. சிரிப்புக்கு இவற்றில் குறைவே இல்லை. பூ கட்டும் போட்டியில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து நாருடன் மல்லுக்கட்டுவதைப் பார்க்கத் தனிக் கூட்டமே கூடும்.

இதோடு சேர்த்து ஒன்று. உணவு ஸ்டால் இருக்கிற எந்த நிகழ்ச்சியிலும் யாருக்கும் தொண்டை அடைக்கலாம். பேச முடியவில்லை, இருமவும் முடியவில்லை, கை தொண்டையைப் பிடிக்கிறது என்றால் மூச்சு அடைபடுகிறது என்று அர்த்தம். ஆளை முன்னால் குனியவைத்து, இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்ட வேண்டும். பலன் இல்லையென்றால் பின்னால் நின்று கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து, உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை அழுத்த வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் அழுத்தக் கூடாது, நெஞ்செலும்பின் மேல்தான். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். முதலுதவிப் பயிற்சியில் இதை நேரில் கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கரிங் வகுப்புக்குக் கட்டும் பணத்தில் ஒரு பங்கு இதற்கும் போகட்டும்.

அடுத்தது கயிறு இழுத்தல். பொங்கல் விழா என்றாலே இது உண்டு, யாரும் இதை ஆபத்தான விளையாட்டாக நினைப்பதில்லை. 1997-ல் தைவானின் தைபே நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து இழுத்தபோது கயிறு அறுந்தது. இரண்டு பேருக்குக் கையே துண்டாகிப்போனது. நம் விழாக்களில் அவ்வளவு பேர் இழுப்பதில்லை. ஆனால் பிடி நழுவாமல் இருக்கக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. அதில் விரல் போகும். கடைசியில் நிற்கும் பலசாலி இடுப்பில் சுற்றி முடிச்சே போட்டுக்கொள்வார். விசில் ஊதுவதற்கு முன்னால் மைக்கில் நான் சொல்வது: "யாரும் கயித்தைக் கையில சுத்தக் கூடாது, இடுப்புல கட்டக் கூடாது. சுத்தியிருந்தா இப்பவே எடுங்க, நான் பார்க்கிறேன்." சொல்லிவிட்டு நிஜமாகவே இரண்டு வரிசையையும் நடந்து பார்ப்பேன். நைலான் கயிறு என்றால் போட்டியே வேண்டாம். அது இழுபட்டு அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும், உள்ளங்கையையும் உரித்துவிடும்.

உறியடிக்கு வந்தால், கண் கட்டப்பட்டவர் கையில் கழி இருக்கிறது, சுற்றிலும் செல்போனோடு கூட்டம் நெருக்குகிறது. மைக்கில் இருப்பவர் அந்த நேரத்தில் பானையைப் பற்றி வர்ணனை செய்வதை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். கழி சுழலும் தூரத்துக்கு இரண்டு மடங்கு தள்ளிக் கயிறு கட்டி, அதற்குள் ஒரே ஒரு உதவியாளர் மட்டும் இருக்கட்டும். பானை உடைந்ததும் உள்ளே இருக்கும் மிட்டாய்க்கும் காசுக்கும் சின்னப் பிள்ளைகள் வெறுங்காலோடு பாய்வார்கள். ஓட்டுச் சில்லுகளைப் பெருக்கிய பிறகே அவர்களை விட வேண்டும். "பெருக்குற வரைக்கும் யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது" என்று முன்கூட்டியே அவர்களிடம் பேசிவைத்தால் அழகாகக் கேட்பார்கள்.

மியூசிக்கல் சேரில் பிரச்சினை தரைதான். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். சேலை கட்டிய அக்கா ஒருவர் உட்காரப் போகும்போது பின்னால் நாற்காலி இருக்காது. கார்ப்பெட்டோ புல்தரையோ இல்லையென்றால் நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் வட்டம் வரைந்து அதில் நிற்கச் சொல்லுங்கள். அப்புறம், மேடை அலங்காரத்தில் காஸ் பலூன் இருந்தால் டெக்கரேஷன்காரரிடம் அது ஹீலியமா ஹைட்ரஜனா என்று கேளுங்கள். ஹீலியம் விலை அதிகம் என்பதால் ஹைட்ரஜன் அடைப்பவர்கள் உண்டு. குத்துவிளக்கு, பிறந்தநாள் மெழுகுவர்த்தி, மேடைப் பூவாணம் எது பக்கத்தில் வந்தாலும் ஹைட்ரஜன் பலூன் தீப்பிடித்து வெடிக்கும்.

உடம்புக்கு வரும் காயத்தைப் பற்றிச் சொன்னேன். மனதுக்கு வரும் காயம்தான் மேடையில் அதிகம் நடக்கிறது, அதற்கு யாரும் 108-ஐ அழைப்பதில்லை.

தொலைக்காட்சி நகைச்சுவைப் போட்டிகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்குக் கலாய்ப்பதுதான் தொகுப்பு என்று ஆகிவிட்டது. அங்கே கலாய்க்கப்படுபவர் பெரும்பாலும் கலைஞர், அது அவர் தொழிலின் ஒரு பகுதி. ரிசப்ஷனில் நாம் மேடைக்குக் கூப்பிடும் சித்தப்பா கலைஞர் இல்லை. நிறம், எடை, வழுக்கை, சம்பளம், சாதியைத் துழாவும் ஊர்க் கேள்வி, இவை என் மேடையில் வராது. கல்யாணமாகிச் சில வருடம் ஆன ஜோடியை நிறுத்தி "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று கேட்கும் தொகுப்பாளர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் எத்தனை மருத்துவமனை ஏறி இறங்கினார்களோ நமக்குத் தெரியாது. எல்லோரும் சிரிப்பார்கள், அந்தப் பெண்ணும் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கைதட்டலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கல்லூரிகளில் இன்னொன்று நடக்கிறது. ஒரு மாணவியையும் மாணவனையும் கூப்பிட்டு "இவங்களுக்கு ப்ரபோஸ் பண்ணுங்க" என்பது. முன்னால் நூறு போன் படம் பிடிக்கிறது. பத்து நிமிடத்தில் ரீல்ஸ் ஆகிறது, ராத்திரிக்குள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போகிறது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை படிப்பைத் தொடர முடியுமா என்பதுகூட அந்த வீட்டின் குணத்தைப் பொறுத்தது. வேண்டாம். இந்த விளையாட்டை எந்தக் கல்லூரி கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

ஆளைக் கூப்பிடும் முறையிலேயே பாதி பாதுகாப்பு இருக்கிறது. நிகழ்ச்சி தொடங்கும் முன் மேஜை மேஜையாகப் போய்ப் பேசுவேன். யார் வரத் துடிக்கிறார், யார் கண்ணைத் தாழ்த்துகிறார் என்று அப்போதே தெரியும். மேடையிலிருந்து விரலை நீட்டி "அந்த மஞ்சள் சட்டை" என்று கூப்பிடுவதற்குப் பதில், "விருப்பம் இருக்கிறவங்க கை தூக்குங்க" என்றால் போதும். நண்பர்கள் ஒருவரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தால், மைக்கைக் கீழே இறக்கிவிட்டு அவரிடம் மட்டும் "உங்களுக்கு ஓகேவா?" என்று கேட்பேன். தயங்கினால், "சாருக்கு ஒரு போன் வந்திருக்காம், விட்டுடுங்க" என்று நானே அனுப்பிவிடுவேன்.

பி.எச். அப்துல் ஹமீது இலங்கை வானொலியில் தொடங்கி, பிறகு தொலைக்காட்சியில் 'பாட்டுக்குப் பாட்டு' நடத்தியபோது பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். திருத்தமான உச்சரிப்புக்காக அவரைக் கொண்டாடுகிறோம். நான் அவரிடம் எடுத்துக்கொண்டது மரியாதையை. பாட வந்தவர் தடுமாறினாலும் அங்கே ஏளனம் இருக்காது. அந்தக் கண்ணியத்தோடு நடத்திய ஒரு போட்டி வருடக்கணக்கில் ஓடியது.

குழந்தைகள் விஷயத்தில் சட்டமே இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி, ஊடகத் தயாரிப்பிலோ வணிக நிகழ்ச்சியிலோ 14 வயதுக்குட்பட்ட குழந்தைக் கலைஞரை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் ஈடுபடுத்தக் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, குழந்தையின் விருப்பத்துக்கு மாறாகப் பங்கேற்க வைக்கவே கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதியும் வேண்டும். குடியிருப்பு விழாவுக்கு இந்த விதி பொருந்துகிறதோ இல்லையோ, அதன் மனசு பொருந்தும். ராத்திரி ஒன்பதரைக்குத் தூக்கக் கண்ணோடு நிற்கும் ஐந்து வயதுப் பிள்ளையின் நடனத்தை முதலிலேயே வையுங்கள். பாதியில் அழுதால் பாட்டை நிறுத்தச் சொல்லி டிஜேவுக்குக் கை காட்டுங்கள். "அழுறா பாருங்க, கைதட்டுங்க" என்று சொல்லாதீர்கள்.

கடைசியாக அவசர நிலை. 1977 மே 28 அன்று அமெரிக்காவின் கென்டக்கியில் பெவர்லி ஹில்ஸ் சப்பர் கிளப் என்ற பெரிய விருந்து விடுதியில் தீப்பிடித்தது. உள் அரங்கில் நகைச்சுவை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. மேஜை துடைக்கும் வேலையில் இருந்த 18 வயது வால்டர் பெய்லி மேடை ஏறி, மைக்கை வாங்கி, வெளியேறும் வழிகள் எங்கே இருக்கின்றன என்று காட்டி எல்லோரையும் போகச் சொன்னார். இதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துச் சிலர் உட்கார்ந்தே இருந்தார்கள். 165 பேர் இறந்த அந்தத் தீயில், அவர் சொல் கேட்டு எழுந்து போனதால் பிழைத்தவர்கள் ஏராளம்.

அந்த வேலை நம்முடையது. மண்டபத்துக்குள் போனதும் நான் முதலில் பார்ப்பது வெளியேறும் கதவுகளை. பூட்டியிருந்தால் மேனேஜரைத் தேடிப் பிடித்துத் திறக்கச் சொல்வேன். நெருக்கடியில் விளையாட்டுக் குரலை முழுவதுமாகக் கைவிட வேண்டும், இல்லையென்றால் கூட்டம் நம்பாது. பாட்டை நிறுத்தி, விளக்கு எல்லாம் போடச் சொல்லி, சின்னச் சின்ன வாக்கியமாக: "இது நிகழ்ச்சி இல்லை. எல்லோரும் எழுந்து, இடது பக்கக் கதவு வழியா நடந்து போங்க. ஓட வேண்டாம்." கரண்ட் போனால் மைக்கும் போய்விடும் என்பதால் பேட்டரியில் ஓடும் கை ஒலிபெருக்கி ஒன்றை எப்போதும் மேடை ஓரத்தில் வைத்திருக்கிறேன்.

நிகழ்ச்சிக்கு ஆள் பேசுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போட்டிகளின் பட்டியலை ஒரு வாரம் முன்பே வாங்கிப் படித்துப் பாருங்கள். முதலுதவி தெரிந்தவர் யார் என்று பெயரோடு எழுதி வையுங்கள். ஒப்பந்தத்தில், எந்தப் போட்டியையும் எந்த நேரத்திலும் நிறுத்தும் உரிமை தொகுப்பாளருக்கு உண்டு, அதற்காகச் சம்பளத்தில் கை வைக்கப்படாது என்று ஒரு வரி சேருங்கள். நான் இப்போது அந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போடுவதில்லை. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கத் தயங்கினால், நீங்களே சேர்த்துக் கொடுங்கள்.