சுழற்சிப் பொருளாதாரமும் மறுசுழற்சியும் ஒன்றா?

எட்டாம் வகுப்பில் 'சுழற்சிப் பொருளாதாரம்' நடத்திவிட்டு, அதற்கு எடுத்துக்காட்டாக வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் மேசை முழுக்கத் தண்ணீர் பாட்டில்கள். பாதியில் வெட்டி, பெயின்ட் அடித்து, பேனா ஸ்டாண்டாக ஆக்கியவை. அதில் இரண்டு புத்தம் புதியவை. இதற்காகவே கடையில் வாங்கி, தண்ணீரைக் குடித்துவிட்டு வெட்டியிருக்கிறார்கள்! பிள்ளைகள் மேல் தப்பில்லை. 'சுழற்சி' என்றதும் அவர்களுக்கு 'மறுசுழற்சி'தான் நினைவுக்கு வந்திருக்கிறது.

ஒரே ஒரு பையன் மட்டும் எவர்சில்வர் தூக்குவாளி கொண்டுவந்தான். "எங்க அம்மாயியோடது சார்" என்றான். புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் பாட்டியின் பெயர். அதற்குக் கீழே, கொஞ்சம் சின்னதாக, அம்மாவின் பெயர். பிடி ஒருமுறை மாற்றியது, அடி ஒருமுறை பற்றவைத்தது. சரி, பாடம் இங்கிருந்துதான் தொடங்கவேண்டும் என்று அதைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

மண்ணிலிருந்து எடுத்து, பொருளாகச் செய்து, பயன்படுத்திவிட்டு, எறிந்துவிடுவது நேர்கோடு. அந்தக் கோட்டின் முனையை வளைத்துத் தொடக்கத்தோடு சேர்ப்பதுதான் சுழற்சிப் பொருளாதாரம், ஆங்கிலத்தில் சர்க்குலர் எகானமி. செய்யும்போதே பழுதுபார்க்கத் தோதாகச் செய்வது, நெடுநாள் வைத்திருப்பது, கைமாற்றுவது எல்லாம் அதில் முதலில் வரும். உருக்கி வேறொன்று செய்யும் மறுசுழற்சி கடைசிப் படி. தூக்குவாளி இன்னும் அந்தப் படிக்கு வரவே இல்லை. என்றைக்காவது வந்தாலும் பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டுப் புதுசு எடுத்துக்கொள்வார்கள்.

இந்தக் கருத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவர் பொருளியலாளர் கென்னத் போல்டிங். பூமியை ஒரு விண்கலமாக நினைத்துப்பாருங்கள், வெளியிலிருந்து சரக்கு வராது, குப்பையை வெளியே வீசவும் இடமில்லை என்று 1966-இல் எழுதினார். டேவிட் பியர்ஸ், கெர்ரி டர்னர் என்ற இருவர் 1990-இல் எழுதிய பொருளியல் நூலில் 'சர்க்குலர் எகானமி' என்ற பெயரோடு இது இடம்பிடித்தது. சீனாவில் 2009 முதல் இதற்கென்று தனிச் சட்டமே நடப்பில் இருக்கிறது.

தமிழில் 'வட்டப் பொருளாதாரம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. வட்டம் என்றால் நம் ஊரில் தாலுகா. ஏதோ வட்டாட்சியர் அலுவலக விவகாரம் போலத் தொனிக்கிறது. 'சுழற்சி' அப்படியல்ல. நீர் சுழற்சி, கார்பன் சுழற்சி, பயிர்ச் சுழற்சி என்று அறிவியல் பாடத்தில் ஏற்கெனவே பழகிய சொல். "எங்கம்மா குழுவுல சுழல் நிதி வாங்குனாங்களே, அது மாதிரியா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அதேதான். அங்கே சுழல்வது பணம், இங்கே பொருள். ஆங்கிலச் சொல்லுக்கு இல்லாத ஒரு வசதியும் தமிழுக்கு வாய்த்திருக்கிறது. எகானமி என்பதன் கிரேக்க வேர் வீட்டு நிர்வாகத்தைக் குறிப்பது. நம் சொல்லிலோ 'பொருள்' கண்ணெதிரே நிற்கிறது. செல்வமும் அதுதான், தூக்குவாளியும் அதுதான்.

அப்புறம், இதோடு சேர்ந்தே வரும் சஸ்டெய்னபிலிட்டி, அதாவது வளம் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது. அதைத் தமிழில் சொல்வதுதான் உண்மையில் தலைவலி. சஸ்டெய்ன் என்பதற்கு லத்தீன் வேர், கீழிருந்து தாங்கிப் பிடித்தல். கருத்தோ ஜெர்மன் காடுகளில் முளைத்தது. சாக்சனியில் சுரங்கங்களுக்கு மரம் வெட்டி வெட்டிக் காடு தேய்ந்துகொண்டிருந்தது. சுரங்க நிர்வாகத்தில் இருந்த ஹான்ஸ் கார்ல் வான் கார்லோவிட்ஸ், வெட்டுவது வளர்வதை மிஞ்சக்கூடாது என்று 1713-இல் எழுதினார். வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குந்தகம் வராமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது என்ற, இன்று எல்லோரும் சொல்லும் விளக்கம் 1987-இல் ஐ.நா.வின் புருண்ட்லாந்து ஆணையம் தந்தது.

தமிழில் இதற்கு நிலைத்தன்மை, நீடித்த வளர்ச்சி, பேண்தகு வளர்ச்சி என்று பல சொற்கள் இருக்கின்றன. இலங்கையில் நிலைபேறான அபிவிருத்தி. 'பேண்தகு' ஆங்கிலச் சொல்லை உறுப்பு உறுப்பாகப் பெயர்த்தது போல் இருக்கிறது. 'நிலைத்தன்மை' வகுப்பறையில் வேறு விதமாகப் படுத்தும். இயற்பியலில் அது ஒரு பொருள் கவிழாமல் நிற்பதைக் குறிக்கிறது. ஒரு பாடத்தில் நிலையாக நில் என்கிறோம், அடுத்த பாடத்தில் சுழன்றுகொண்டே இரு என்கிறோம். குழப்பம் வராமல் என்ன செய்யும்?

என் ஓட்டு 'வளங்குன்றா' என்பதற்கு. இது யாரும் உட்கார்ந்து புதிதாக உண்டாக்கியது இல்லை, குறளில் நாடு அதிகாரத்தில் இருக்கிறது: "கேடறியாக் கெட்ட இடத்தும் வளங்குன்றா நாடென்ப நாட்டின் தலை" (736). கேடு வந்த காலத்திலும் வளம் குறையாத நாடே தலைசிறந்தது. எது குறையக்கூடாது என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது, அது வளம். இலக்கண ஆசிரியருக்கும் கொண்டாட்டம், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்துக்கு உயிருள்ள எடுத்துக்காட்டு.

பிள்ளைகளோடு பேசி முடிக்கும்போது 'குப்பை'யையும் தொட்டேன். பழந்தமிழில் குப்பை என்றால் குவியல், அவ்வளவுதான். சிவகங்கைப் பக்கம் நெற்குப்பை என்று ஓர் ஊரே உண்டு. கிராமத்தில் இன்றும் வயலுக்கு வண்டியில் அடிக்கும் தொழுவுரம் குப்பைதான், அதைக் காசு கொடுத்தும் வாங்குவார்கள். 'வேண்டாதது' என்ற பொருள் மட்டும் எப்படியோ மேலேறி உட்கார்ந்துகொண்டது.

பேனா ஸ்டாண்டுகள் வகுப்பு அலமாரியில் இருக்கின்றன. தூக்குவாளியை அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிட்டேன், மறுநாள் அதில் சாம்பார் வரவேண்டுமாம். தேர்வில் மட்டும், எந்தப் பாடநூலில் எந்தச் சொல் இருக்கிறதோ அதையே எழுதச் சொல்லியிருக்கிறேன். மதிப்பெண் விஷயம்.