ரிதம் அண்ட் ப்ளூஸ்: பாட்டுக்கு வைத்த பெயரா, சந்தைக்கு வைத்த பெயரா?

ரிதம் என்றால் தாளம், லயம். ப்ளூஸ்தான் கொஞ்சம் சிக்கல். மனம் சோர்ந்து கிடப்பவரை 'நீலப் பிசாசு' பிடித்திருக்கிறது என்று சொல்லும் பழைய ஆங்கில வழக்கிலிருந்து வந்த சொல் அது. பிறகு அமெரிக்கத் தென்மாநிலக் கறுப்பின மக்களின் பாட்டு வகை ஒன்றுக்குப் பெயராகிவிட்டது.

இரண்டையும் சேர்த்துப் பெயராக்கியவர் ஒரு பத்திரிகைக்காரர். கறுப்பின மக்களிடம் விற்கும் இசைத்தட்டுகளின் பட்டியலுக்குப் பில்போர்டு என்ற அமெரிக்க இசைத்தொழில் இதழ் 1945 முதல் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', அதாவது 'இனத் தட்டுகள்' என்று தலைப்புப் போட்டுவந்தது. அங்கே வேலை பார்த்த ஜெர்ரி வெக்ஸ்லர் சொன்ன மாற்றுப்பெயர்தான் ரிதம் அண்ட் ப்ளூஸ். 1949 ஜூனில் தலைப்பு மாறியது. தட்டுகளும் அவற்றை வாங்கியவர்களும் மாறவில்லை.

இந்தப் பெயருக்குள் என்னவெல்லாம் அடங்கியது என்று பார்க்க கிளைட் மெக்ஃபேட்டரின் கதை போதும். 1932இல் வட கரோலினாவின் டர்ஹாமில் ஒரு பாப்டிஸ்ட் போதகரின் வீட்டில் பிறந்தவர். தேவாலயத்தில் பழகிய உச்சக் குரலோடு 1950இல் பில்லி வார்டின் டாமினோஸ் குழுவில் சேர்ந்தார். 1952இல் வந்த 'ஹேவ் மெர்சி பேபி' பாட்டைக் கேட்டால் விஷயம் புரியும். ஆண்டவரிடம் மன்றாட வேண்டிய இரக்கத்தை அவர் காதலியிடம் மன்றாடுகிறார். ஒரே அசையை நாலைந்து சுரங்களில் இழுத்து இறக்கும் முறை அப்படியே ஆராதனைப் பாட்டுடையது. ஆனால் தட்டு ஏறிய பட்டியல் ரிதம் அண்ட் ப்ளூஸ், அங்கே முதலிடம்.

1953இல் அவர் டாமினோஸை விட்டு வெளியேறியதும் அட்லாண்டிக் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் அஹ்மெட் எர்டெகன் அவரை மையமாக வைத்து டிரிஃப்டர்ஸ் குழுவை அமைத்தார். அதே ஆண்டு அட்லாண்டிக்கில் சேர்ந்தவர் யார் தெரியுமா? நம்ம வெக்ஸ்லர்தான். பெயர் வைத்தவரே இப்போது சரக்கும் தயாரித்தார். அடுத்த ஆண்டு மெக்ஃபேட்டருக்கு ராணுவ அழைப்பு வந்தது. பிறகு தன் பங்கை மேலாளர் ஜார்ஜ் டிரெட்வெல்லிடம் விற்றுவிட்டுத் தனிப்பாடகரானார். 1958இல் டிரெட்வெல் பழைய பாடகர்கள் அத்தனை பேரையும் அனுப்பிவிட்டு, வேறொரு குழுவைக் கொண்டுவந்து அதே பெயரில் பாட வைத்தார். குழுப் பாடகர் பிழைப்பு அப்படித்தான்: தொண்டை ஒருவருடையது, பெயர்ப்பலகை இன்னொருவருடையது. அதே 1958இல் மெக்ஃபேட்டர் தனியாகப் பாடிய 'எ லவ்வர்ஸ் கொஸ்டின்' எல்லோருக்குமான பொதுப் பட்டியலிலும் ஆறாம் இடம் வரை போனது. 1972இல், 39 வயதில், குடியால் உடல் கெட்டு இறந்தார்.

பட்டியலின் பெயரும் நிலையாக இல்லை. 1969இல் 'சோல்', 1982இல் 'பிளாக்', 1990இல் மறுபடியும் ரிதம் அண்ட் ப்ளூஸ், ஆனால் 'ஆர் அண்ட் பி' என்ற சுருக்கத்தில்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தாள நீலம்' என்றால் சிரிப்பார்கள். 'நீலப் பாடல்' என்றால் நீலப் படம் நினைவுக்கு வந்து தொலைக்கும். 'சோக கீதம்' தவறு, ஏனென்றால் இந்தப் பட்டியலில் பாதி ஆட்டப்பாட்டுதான். சந்தைப் பெயரைப் பிரித்து மொழிபெயர்ப்பதே வீண் வேலை என்பது என் எண்ணம், ஒலிபெயர்ப்பே போதும்.

ஆனால் மேடையில் நடக்கும் வேலைக்குத் தமிழ்ச் சொற்கள் தாராளமாக உண்டு. கருவிகளைவிடக் குரல்கள் முன்னிற்கும் இத்தகைய குழுவைக் 'குரலிசைக் குழு' எனலாம். முன்னால் நின்று பாடும் மெக்ஃபேட்டர் 'முதன்மைப் பாடகர்'. பின்னால் நிற்பவர்கள் செய்வது 'பின்பாட்டு'. தெருக்கூத்தில் உள்ள சொல்தான். கூத்தில் பின்பாட்டுக்காரர் பெரும்பாலும் வரியைத் திருப்பிப் பாடுவார். இங்கே பொருளற்ற அசைகளைச் சுருதிக்குச் சுருதி அடுக்கிப் பாடுவார்கள். அந்த வித்தியாசத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் சொல் தாராளமாகப் பொருந்தும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. 1950களைப் பற்றி எழுதும்போது 'ஆர் அண்ட் பி' என்று சுருக்க வேண்டாம். இன்றைய வாசகருக்கு அது வேறு இசை. முழுப்பெயரையே எழுதுங்கள்.