பிள்ளையின் ஏர் ரைபிளுக்குப் புது ஸ்டாக் வாங்கப் போகிறீர்களா?

மறுபடியும் ஒரு சிறுமி கழுத்து வலியோடு வந்தாள். வெளிநாட்டிலிருந்து அலுமினிய ஸ்டாக் (ரைபிளின் பேரலையும் இயந்திரப் பகுதியையும் தாங்கும் சட்டம்) வரவழைத்து, பதக்கம் வென்ற ஒருவரின் அளவுகளை இணையத்தில் பார்த்து, அப்பாவே வீட்டில் மாட்டிக் கொடுத்திருக்கிறார். ரைபிள் பொருத்தித் தரும் வேலையில் இருக்கும் எனக்கு இது பார்த்துப் பார்த்து அலுத்துப்போன விஷயம். பெற்றோர் தயவுசெய்து கேளுங்கள்.

"எல்லாமே அட்ஜஸ்ட் பண்ணலாம் சார், யாருக்கும் செட் ஆகும்" என்று விற்பவர் சொல்வார். ஆகாது. எந்தத் திருகும் ஓர் எல்லை வரைதான் உள்ளே போகும். பெரியவர்களுக்கான ஸ்டாக்கில் தோளில் பதியும் பட் பிளேட்டை முழுக்க உள்ளே தள்ளிய பிறகும் குட்டைக் கைப் பிள்ளைக்கு அது நீளமாகவே இருக்கலாம். அப்போது பிள்ளை என்ன செய்யும்? தலையை நீட்டும், முதுகை இன்னும் வளைக்கும். நின்று சுடும்போது ஏற்கெனவே முதுகு பின்னால் வளைந்து திரும்பித்தான் இருக்கிறது. அந்த நிலையில் மணிக்கணக்காகப் பயிற்சி செய்தால் வலி வராமல் என்ன செய்யும்?

பதக்க வீரரின் அளவு அவருடைய மூக்குக் கண்ணாடி மாதிரி, அவருக்கு மட்டும்தான். ரைபிளின் எடையைத் தசை தாங்கக் கூடாது. முன்கை எலும்பு வழியாக, இடுப்பெலும்பில் ஊன்றிய முழங்கை வழியாக அது காலுக்கு இறங்க வேண்டும். இடுப்பெலும்பிலிருந்து கண் வரை உள்ள உயரம் ஆளுக்கு ஆள் மாறும். அதைப் பார்த்துத்தான், ரைபிளுக்கு அடியில் கையில் உட்காரும் கைதாங்கியின் உயரத்தை வைக்க வேண்டும்.

அளவு பார்க்கும்போது ஜாக்கெட், பேன்ட், ஷூ எல்லாம் போட்டிருக்க வேண்டும். டி-ஷர்ட்டில் எடுத்த அளவு ஜாக்கெட்டின் தடிமனில் அடிபட்டுப் போகும். முதலில் கைதாங்கி, அப்புறம் பட் பிளேட், கடைசியாகக் கன்னம் பதியும் சீக் பீஸ். கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்து, பிறகு திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பின்பார்வைத் துளையின் நடுவில் முன்பார்வை தெரியவில்லையா? சீக் பீஸை நகர்த்துங்கள், பிள்ளையின் கழுத்தை அல்ல. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், பழைய அளவை நோட்டில் எழுதி வைத்த பிறகு.

எடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சர்வதேச விதிப்படி ஏர் ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். அது உச்ச வரம்பு. 40 கிலோ பிள்ளை அதை எட்டியாக வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. ஸ்டாக்கோடு வந்த எடைகளைக் கழற்றி டப்பாவில் போட்டு வையுங்கள்.

ஃபைன்வெர்க்பா கம்பெனி ரைபிளுக்கான ஸ்டாக் வால்தர் கம்பெனி ரைபிளுக்குச் சேராது. ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல் மாறும். சேரவில்லை என்றதும் அரத்தை எடுத்து ராவாதீர்கள். ஆக்ஷன், அதாவது சுடும் இயந்திரப் பகுதி, ஸ்டாக்கில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் பெல்லட்டுகள் (சின்ன ஈயக் குண்டுகள்) இலக்கில் சிதறும். 10 மீட்டர் இலக்கில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளியே 0.5 மில்லிமீட்டர்தான். ஆக்ஷனை ஸ்டாக்கோடு பிணைக்கும் திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். கைப்பலத்தை நம்பாதீர்கள். பேரலும் காற்று சிலிண்டரும் ஸ்டாக்கில் எங்கும் உரசக் கூடாது, ஒரு காகிதத் துண்டை நடுவில் விட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இதையெல்லாம் தொடங்கும் முன் பேரலில் பெல்லட் இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள், சிலிண்டரைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகும், காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரில் தங்கிய காற்று ஒரு பெல்லட்டைத் தள்ளப் போதும். முனை யார் பக்கமும் திரும்பவே கூடாது, பிள்ளைகளை மேசைக்கு அருகில் விடாதீர்கள்.

வளரும் வயதில் சில மாதங்களுக்கு ஒருமுறை அளவைத் திரும்பப் பாருங்கள். கழுத்தோ இடுப்போ வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கே நிறுத்துங்கள். போட்டி நெருங்குகிறது என்று தைலம் தடவி அனுப்பாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள், அப்புறம் பயிற்சியாளரோடு ரைபிளைக் கொண்டு வாருங்கள்.